பொறுமை யாருடைய குணம்?

கேட்டது உடனே கிடைக்காவிட்டால் அடம்பிடிக்கும் பிள்ளையை அவசரக்குடுக்கை என்கிறோம். பிறவிக் குணமே அப்படி என்று முடிவும் கட்டிவிடுகிறோம். இந்த முடிவுக்கு உளவியலின் முத்திரையும் ஒருவகையில் கிடைத்தது. 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் புகழ்பெற்ற தம் சோதனைகளைத் தொடங்கினார். குழந்தையின் முன்னால் ஓர் இனிப்பு. இப்போதே தின்றால் ஒன்றுதான். பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு. அதிக நேரம் பொறுத்த பிள்ளைகள் பதின்வயதில் படிப்பிலும் நெருக்கடிகளைச் சமாளிப்பதிலும் முன்னே நின்றதாக 1990-இல் வெளிவந்த தொடராய்வு சொன்னது. பொறுமை பிள்ளைக்குள் இருக்கும் ஒரு சரக்கு, அதன் அளவே வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அதன்பின் பரவியது. அந்த எண்ணம் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறது. காத்திருக்க மனக்கட்டுப்பாடு வேண்டும், உண்மைதான். அதற்கும் முன்னால், சொன்னவர் சொன்னதோடு திரும்பி வருவார் என்று குழந்தை நம்பியாக வேண்டும்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத்தான் சோதித்தது. இனிப்பை வைக்கும் முன், 28 குழந்தைகளிடம் தேய்ந்த க்ரேயான்களைக் கொடுத்து, பொறுத்தால் இதைவிட நல்லவை கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், மன்னிக்கவேண்டும், இல்லையாம் என்று வெறுங்கையோடு வந்தார்கள். ஒட்டுப்படங்களை வைத்து இதையே மறுபடியும் செய்தார்கள். அதன் பிறகே இனிப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒருவர். சராசரியாக முதல் குழு 12 நிமிடம், இரண்டாவது குழு 3 நிமிடம். சற்று நேரத்தில் இந்தப் பிள்ளைகளின் சுபாவம் மாறிவிடவில்லை. இரண்டு முறை ஏமாந்த பிறகு கையில் இருப்பதைத் தின்பது பலவீனமல்ல, சரியான கணிப்பு.

28 பேர் மிகச் சிறிய தொகை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆனால் வேறொரு திசையிலிருந்து வந்த சான்றும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 2018-இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, காத்திருத்தலுக்கும் 15 வயதுப் படிப்புக்கும் இடையிலான தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாகத் தெரிந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், இளவயது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தனிச் சுபாவம் என்று ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது: வாக்குக் காப்பாற்றப்பட்ட குழுவிலும் 5 பேர் இறுதிவரை காத்திருக்கவில்லை. அவர்களுக்கு மிஷெலிடமே வழி உண்டு. இனிப்பை மறைத்து வைத்தாலோ, அதை மேகமாகக் கற்பனை செய்யச் சொன்னாலோ பிள்ளைகள் கூடுதல் நேரம் பொறுத்ததை அவர் காட்டினார். ஆனால் இந்த உத்திகள், காத்திருந்தால் பலன் உண்டு என்று ஏற்கெனவே நம்பும் பிள்ளைக்குத்தான் உதவும்.

கையில் காசில்லாத பெற்றோர் எல்லா வாக்கையும் எப்படிக் காப்பாற்றுவார்கள்? இதுதான் கனமான கேள்வி. விளக்கம் சொன்னால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை; ராச்செஸ்டரில் மன்னிப்புக் கேட்டும் பிள்ளைகளின் நம்பிக்கை திரும்பவில்லை. அப்படியானால் வாக்குகளைக் குறைப்பதுதான் வழி. ஊசி போடமாட்டார்கள் என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், அழுகையை நிறுத்த நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்பதும் வறுமையால் வருபவை அல்ல. வசதியான வீடுகளிலும் இவை அன்றாடம் நடக்கின்றன. இந்த மாதம் முடியாது என்று சொன்னால் குழந்தை அழத்தான் செய்யும். அந்த அழுகையை நாம் தாங்கிக்கொண்டால், அடுத்த முறை நாம் சொல்லும் நாளைக்கு என்பதை அது நம்புவதற்குக் காரணம் இருக்கும்.