விரதம் முடிஞ்சிட்டா?

முப்பது நாள் சிகரெட்டைத் தொடவில்லை. மொபைலில் தினமும் ஒரு டிக். முப்பத்தொன்றாம் நாள் குருவிகுளத்தில் பெட்டிக்கடை முன்னால் நின்றேன். "என்ன தம்பி, விரதம் முடிஞ்சிட்டா?" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதுதான் சரி. நான் விட்டிருக்கவில்லை, விரதம் இருந்திருக்கிறேன்.

காந்தியும் கெடு வைத்துத்தான் தொடங்கினார். 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. சட்டையையும் தொப்பியையும் களைந்து அரையாடைக்கு மாறியபோது, அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பேன் என்றுதான் சொன்னார். கதர் வாங்க வசதியில்லை என்று ரயிலில் ஏழைகள் சொன்னது மனதில் கிடந்தது. கெடு முடிந்தது, அந்த ஏழ்மை முடியவில்லை. 1931இல் லண்டனில் மன்னரைப் பார்க்கவும் அதே அரையாடையில் போனார். 1948இல் சாகும்வரை சட்டைக்குத் திரும்பவில்லை.

நாட்களை யாரும் எண்ணலாம். தான் யாரோடு நிற்பவன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அதனால் எண்ணத் தேவைப்படவில்லை. எனக்கோ, டீயோடு சிகரெட் பிடிக்கிறவன்தான் அசல் நான். மற்றவன் லீவில் வந்தவன்.

இந்த முறை ஆப்பை அழித்துவிட்டேன். அடுத்து யாராவது நீட்டினால் "விட்டுட்டேன்" என்று சொல்லக்கூடாது. "நான் குடிக்கிறதில்லண்ணே" என்று சொல்லிப் பார்க்கணும். அதைச் சொல்ல நாக்கு கூசாத அன்றைக்குத்தான் விட்டதாக அர்த்தம்.