கதை சொன்னவரின் கதை

குழந்தைகளுக்குப் பொய் சொல்லலாமா என்று வினவினால், கூடாது என்று விடையிறுக்காதார் ஒருவரும் இரார். ஆயினும் வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் நாம் அவர்களுக்குச் சொல்லி வருவனவற்றைச் சற்று நிறுத்துப் பார்ப்போமாயின், அவற்றுட் பல மெய்யல்ல என்பதும், அவற்றைப் பொய்யென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வாராது என்பதும் புலனாகும். இவ்வினாவை நம்முன் கொணர்ந்து நிறுத்தியது ஒரு சிறு படப் புத்தகம்.

‘ஜான் ரொனால்டின் டிராகன்கள்’ என்பது அதன் பெயர். கேரோலைன் மெக்காலிஸ்டர் என்னும் அம்மையார் எழுத, எலைசா வீலர் என்பார் படம் தீட்ட, 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 1937இல் ‘ஹாபிட்’ என்னும் மாயக் கதையை வெளியிட்டு, பின்னர் அதனினும் பெரிய கதையொன்றால் உலகெங்கும் வாசகரைத் தேடிக்கொண்ட ஆங்கிலப் பேராசிரியர் டோல்கினின் வாழ்க்கையை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் விளங்குமாறு அது கூறுகின்றது. தீயுமிழும் நாகங்களின் கதைகளில் ஆசை வைத்த சிறுவன் ஒருவன், வளர்ந்து தானே அத்தகைய கதையொன்றை எழுதியது எவ்வாறு என்பதே அதன் பொருள்.

பகுத்தறிவில் பற்றுடைய நம் நண்பர் சிலர் இவ்விடத்தே ஒரு தடை எழுப்பக்கூடும். “பேயும் பூதமும் புராணமும் போதும் போதுமென்று நாம் கூறிவர, தீயுமிழும் நாகத்தையும் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதா?” என்பர். இத்தடைக்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் முறையன்று.

கதை வேறு, பொய் வேறு. சொல்வோனும் கேட்போனும் இது புனைந்தது என்று அறிந்தே சொல்லியும் கேட்டும் மகிழ்வது கதை. ஒருவன் அறிந்திருக்க மற்றொருவன் அறியாமல் ஏமாறுவது பொய். தென்னை மட்டையைக் குதிரையாக்கி லயத்து வாசலில் ஓட்டும் சிறுவன், அதற்குப் புல் வைத்துவிட்டா உறங்கப் போகின்றான்? இல்லை, அது மட்டையென்பதை அவன் நன்கு அறிவான். அதே சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டபோது மருந்தை விலக்கித் தாயத்தைக் கட்டுவோமாயின், அவன் அதனை விளையாட்டென்று கொள்ளான், மெய்யென்றே கொள்வான், அதன் பயனையும் அவனே அனுபவிப்பான். ஆகவே பகுத்தறிவுக்குப் பகை கற்பனையன்று. மெய்யின் உடை உடுத்து வரும் கற்பனையே பகையாகும்.

இது நிற்க. மாயக்கதை எழுதுவோன் எதனையும் புனையலாமென்றால், அவன் வாழ்க்கையை எழுதுவோனுக்கும் அவ்வுரிமை உண்டா? இல்லை என்பதே நமது துணிபு. வாழ்க்கை வரலாறு ‘இது நடந்தது’ என்று கூறிக்கொண்டு வருகின்றது. கேட்கும் பிள்ளை அதனை நம்புகின்றது. அந்நம்பிக்கையே அதனை எழுதுவோனைக் கட்டும் கயிறு.

நம்மவர் இக்கயிற்றைப் பெரிதும் மதித்தவரல்லர். நம் புலவர்களின் வரலாறென்று வழங்குவனவற்றை நோக்குமின்! ஒருவர் நாவில் தெய்வம் எழுதியது. ஐந்து வயதுவரை ஊமையாயிருந்த மற்றொருவர் திருச்செந்தூரிலே திடீரென்று பாடினார். பிறிதொருவர்க்கு மரத்தின்மேலிருந்து முருகனே பழம் உதிர்த்தான். இவற்றால் அப்புலவர்களுக்குப் பெருமை சேர்ந்ததாக எண்ணுகின்றோம். உண்மையில் அவர்கள் விழித்திருந்து கற்ற இரவுகளையும், எழுதி அழித்த ஏடுகளையும் நாம் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டோம். கேட்கும் பிள்ளைக்கு விளையும் கேடோ இதனினும் பெரிது. ‘நம் நாவில் எந்தத் தெய்வமும் எழுதவில்லை, ஆகவே நம்மால் ஆகாது’ என்று அது முடிவு கட்டிவிடுகின்றது.

டோல்கினின் வாழ்க்கையில் தெய்வம் குறுக்கிடவில்லை. அவருடைய தந்தை, பிழைப்பை நாடிக் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று வங்கியில் வேலை பார்த்தவர். 1892இல் அங்கே பிறந்த மகன், தாயுடனும் தம்பியுடனும் இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, 1896இல் தந்தை அங்கேயே மாண்டார். 1904இல் தாயும் நீரிழிவால் இறந்தார். பன்னிரண்டு வயதில் பெற்றோரிருவரையும் இழந்த பிள்ளையை ஒரு பாதிரியார் காத்துப் படிக்க வைத்தார். 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றார்; நெருங்கிய நண்பர்களைப் போருக்குப் பலிகொடுத்தார். பிற்காலத்தில், பேராசிரியராயிருந்தும் வருமானம் போதாமல், கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கூலி பெற்றார். அவற்றுள் ஒரு தாளில் மாணவன் எழுதாது விட்ட வெற்றுப் பக்கத்திலேதான் ‘ஹாபிட்’ கதையின் முதல் வாக்கியம் எழுதப்பட்டது. கணக்கேட்டின்மேல் கவிழ்ந்து காலங்கழிக்கும் நம்மனோர்க்கு இச்செய்தி எத்துணை ஆறுதல்!

இனி, இவ்வரலாற்றில் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லுவது? ஆறு வயதுக் குழந்தைக்குப் போர்க்குழியின் பிணங்களைக் காட்டுதல் அறமாகாது. இப்புத்தகம் சாவையும் போரையும் மறைக்கவில்லை. சில சொற்களிற் கூறி மேற்செல்கின்றது. விரிவான குறிப்பைக் கடைசிப் பக்கங்களில் வைத்திருக்கின்றது. நமக்கு இம்முறை உடன்பாடே. சொல்லாது விடுதற்கும் திரித்துச் சொல்லுதற்கும் இடையே ஓர் எல்லை உண்டு. ‘வளர்ந்தபின் இப்பிள்ளை முழு உண்மையை அறியும் நாளில், அன்பினால் விட்டுவைத்தார்கள் என்று எண்ணுமா, ஏமாற்றினார்கள் என்று எண்ணுமா?’ என்பதே அவ்வெல்லையைக் காட்டும் கேள்வி.

அவ்வாறு பின்னாளில் அறிய வேண்டுவன டோல்கினிடத்தும் உள. 1938இல் ஜெர்மன் பதிப்பகம் ஒன்று ‘நீர் ஆரியரா?’ என்று கேட்டபோது, அச்சொல்லின் பொருளையே எள்ளி, யூதர் குலத்தில் தமக்கு முன்னோர் இல்லாமைக்கு வருந்துவதாக மறுமொழி வரைந்தவர் அவர். அவருடைய பெருங்கதையிலோ, தெற்கிலிருந்து வரும் கருநிற மாந்தர் பகைவன் பக்கமே நிற்கின்றனர். இரண்டும் மெய். நம் நிறமுடைய பிள்ளை இரண்டையும் அறிந்தபின்னும் அவரை விரும்புமாயின், அவ்விருப்பமே உறுதியுடையது.

இப்புத்தகத்தை நமக்கு உறவான ஒரு சிறுமிக்கு வாசித்துத் தமிழிற் சொன்னோம். தந்தை கடல் கடந்து சென்று இறந்ததைக் கூறியதும், “மாமா, நம்ம பாட்டனும் கப்பல்லதானே வந்தாரு? அவரு எங்க செத்தாரு?” என்று கேட்டாள். அவள் பாட்டனின் தந்தை, 1943இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாத பல்லாயிரவருள் ஒருவர். நாமோ, “சயாமுக்கு வேலைக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார்” என்றோம். மேலே கூறிய எல்லையை நாமே மீறினோம். ‘கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார்கள்; திரும்பி வரவில்லை; பாட்டி வெகுநாள் காத்திருந்தாள்’ என்று சொல்லியிருக்கலாம். அஃது ஆறு வயதுக்கு அடங்கும் உண்மையே. அவ்வுண்மையைத் தாங்கும் வலிமை இல்லாதிருந்தது அவளுக்கன்று, நமக்கே.

நமக்கு வழிகாட்டி வெளிநாட்டில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. தஞ்சோங் கிளிங்கிற்கு அணித்தேயுள்ள மலாக்கா நகரில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா, நாகூர்த் தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடியினர். இளமையில் தமிழ் கற்றவர். பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்துப் பேசும் நரிகளையும் சிங்கங்களையும் அம்மொழிப் பிள்ளைகளுக்கு அளித்தவர் அவரே. தம் வாழ்க்கையை எழுதப் புகுந்தபோதோ, 1849இல் அச்சேறிய அந்நூலில், தாம் பட்ட அடியையும் நோயையும் கண்ட காட்சிகளையும் எழுதி, பேய் நம்பிக்கையைக் கடிந்தார். கதையில் விலங்கைப் பேசவிட்ட அதே கை, வரலாற்றில் அற்புதத்துக்கு இடந்தரவில்லை. கதைக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஓவியம் வல்ல நம் இளைஞர்களே! அப்துல்லாவின் வாழ்க்கையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படமாகத் தீட்டித் தாருங்கள். பால்மரத்தின்கீழ் உழைத்து மறைந்த பாட்டன் பாட்டியரின் வாழ்க்கையையும் தீட்டுங்கள். ஒளிவட்டம் வேண்டா; அற்புதம் வேண்டா. கதை கேட்கும் பிள்ளைக்குத் தீயுமிழும் நாகத்தையும் கொடுப்போம், ‘இது நடந்ததா?’ என்று அது கேட்கும்போது மட்டும் மெய்யையே கொடுப்போம். அச்சிறுமிக்கு நாம் இன்னும் ஒரு விடை கடன்பட்டிருக்கின்றோம். அதனைச் செலுத்தியே தீர்வோம்.