ஆறு மணிக்கு மாடிப்படியில்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஐந்தரை மணிக்குத் திருவண்ணாமலையில் எங்கள் ஓட்டலில் ஓர் அமைதி இறங்கும். காலையிலிருந்து ஓயாத போன், சாவிக்காக நின்ற கூட்டம், பால் தீர்ந்துபோனதாக வந்த சத்தம் எல்லாம் அடங்கிவிடும். விருந்தினர்களில் பாதிப் பேர் கோயிலுக்கோ கிரிவலப் பாதைக்கோ போயிருப்பார்கள். மற்றவர்கள் மலையைப் பார்த்துப் போட்ட நாற்காலிகளில் மொட்டைமாடியில் இருப்பார்கள். கீழே ரிசப்ஷன் மேசையில் நான் நிற்பேன். சரியாக ஆறு மணிக்குக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சில கணங்கள் வெளியே வந்து காட்சி தர, 2668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் தீபம் ஏறும். மாடியிலிருந்து 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்ற குரல் படியிறங்கி வரும். மலைக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை பார்த்தும் பல ஆண்டுகள் அந்தக் குரலை வைத்துத்தான் தீபம் ஏறியதைத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வருடம் ஏதோ சாவி கொடுக்க மாடிக்குப் போனேன். ஊழியர்கள் ஏறும் பின்பக்கப் படியின் கடைசிப் படியில், தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் அக்கா நின்றிருந்தார். விருந்தினர் இருக்கும் இடத்தில் நாங்கள் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் அவர் மாடிக்குள் கால் வைக்கவில்லை. துவைக்கப் போட வேண்டிய போர்வைகள் தோளில் கிடந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளைக் கூப்பி, கதவிடுக்கு வழியாக மலையைப் பார்த்தார். சுடர் தெரிந்ததும் கண் கலங்கியது. உடனே இடுப்பிலிருந்து போனை எடுத்து, "ஏத்திட்டாங்கடி, வாசல்ல விளக்கு வை" என்றார். மலையில் தீபம் ஏறிய பிறகே எங்கள் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அம்மாவின் சொல்லுக்காக அந்தப் பெண்பிள்ளை தீப்பெட்டியோடு காத்திருந்திருக்கிறாள். பேசி முடித்த அக்கா, "இன்னும் நாலு ரூம் இருக்கு சார்" என்று இறங்கிப் போய்விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அடுத்தவர் பண்டிகைக்குப் படுக்கை விரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அந்தப் பிழைப்புக்குள் தனக்கென்று என்ன இருக்கிறது? கூலிக்குச் செய்கிற உபசரிப்பு உண்மையான உபசரிப்புத்தானா?

நான் முதலில் வேலை பார்த்தது தேரடிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில். கல்லாப்பெட்டியில் முதலாளியே உட்கார்ந்திருப்பார். பௌர்ணமிக்கு அறைகள் நிரம்பிவிட்டால் மாடியில் பாய் விரித்து இடம் கொடுப்போம். கைக்குழந்தையோடு வந்தவர்களிடம் முதலாளி சில நாள் காசு வாங்க மாட்டார், சில நாள் இரட்டிப்பாக வாங்குவார். எல்லாம் அவர் மனசு. என் சம்பளமும் அப்படித்தான். திட்டுவார், பொங்கலுக்கு வேட்டியும் எடுத்துக் கொடுப்பார்.

பிறகு கிரிவலப் பாதைப் பக்கம் வந்த ஓர் ஓட்டல் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே முதலாளியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. எதற்கும் ஒரு விதி. போன் மூன்று முறை மணியடிப்பதற்குள் எடுக்க வேண்டும். விருந்தினர் பத்தடி தூரத்தில் வரும்போதே சிரிக்க வேண்டும், ஐந்தடியில் வணக்கம் சொல்ல வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் வங்கியில் விழுந்துவிடும், பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. லாட்ஜில் பத்து வருடம் இருந்தும் கிடைக்காத இந்த இரண்டும் என் வீட்டைத் தாங்கின. கம்பெனி வேலையைக் குறை சொல்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒருவர் மனசைப் பார்த்து வாழாமல் ஒரு விதியைப் பார்த்து வாழ்வதில் கௌரவம் இருக்கிறது.

ஆனால் விதியால் அளக்க முடியாததையும் கம்பெனி கேட்கும். பிரேக் ஷிப்ட் என்று ஒன்று உண்டு. காலை ஏழு முதல் பதினொன்று வரை, மறுபடி மாலை ஏழு முதல் இரவு பதினொன்று வரை. காகிதத்தில் எட்டு மணி நேரம்தான். நடுவில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போய் வர பஸ் இருக்காது. ஸ்டாஃப் ரூமில் புரண்டு படுத்துக் கிடப்போம். நடுவில் போகும் அந்த எட்டு மணி நேரம் யாருடைய கணக்கிலும் வராது. மேசைக்குப் பின்னால் உட்காரவும் முடியாமல் இருந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021ல்தான். எங்கள் மேசைக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் ஒன்று முளைத்தது அதற்கும் அப்புறம்தான்.

அதைவிடப் பெரிய களைப்பு ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983ல் ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பதும் பொறுத்துப் போவதும் உழைப்புத்தான், விற்று விற்று ஒரு கட்டத்தில் அந்தச் சிரிப்பு அவர்களுக்கே அந்நியமாகிவிடுகிறது என்று சொன்னார். எனக்கு அதை விளக்கியது என் மகள். ஒருநாள் வீட்டில் அவள் கூப்பிட்டபோது, "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்று ரிசப்ஷன் குரலில் கேட்டுவிட்டேன். அவள் பயந்துபோய், "அப்பா, நம்ம வீடுப்பா இது" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் எல்லாமே நடிப்பா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஒரு பௌர்ணமி இரவு, மணி இரண்டிருக்கும். ஆந்திராவிலிருந்து வந்த பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து வாசல் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவரின் பாதங்கள் கொப்பளித்து, ஒரு கொப்பளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது. செங்கம் பக்கத்து ரூம்பாய் ஒருவன், இருபது வயதிருக்கும், யாரும் சொல்லாமல் சமையல்கட்டுக்குப் போனான். வெந்நீர் விளாவி, கல்லுப்பு ஒரு பிடி போட்டு, பக்கெட்டோடு வந்தான். தரையில் உட்கார்ந்து அவர் கால்களை எடுத்து நீரில் வைத்தான். பெரியவர் தெலுங்கில் ஏதோ சொல்லி அவன் தலையைத் தொட்டார். அவனுக்குத் தெலுங்கு தெரியாது. "எங்க தாத்தாவும் இப்படித்தான்ணா, கேட்டா வலிக்கலைம்பாரு" என்று என்னிடம் சொன்னான்.

அந்தப் பெரியவர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். கம்பெனி பையனுக்குச் சான்றிதழ் கொடுத்தது. மறுமாதமே கிரிவலம் முடித்து வருபவர்களுக்கு உப்பு வெந்நீர் தருவது விதியாயிற்று. பிறகு ஒரு சமயம் அதற்கு விலையும் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒருவன் மனதிலிருந்து வந்ததைப் பறித்து அட்டையில் அச்சடித்துவிட்டார்களே என்று அவனிடமே பொருமினேன். அவனோ, "நல்லதுதானேண்ணா, நான் லீவுல இருந்தாலும் அவங்களுக்குக் கிடைக்கும்" என்றான். விதியின் நன்மையை அவன் என்னைவிடத் தெளிவாகப் பார்த்தான். என்றாலும் விலை போட்டது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. விலைதான் என்றால் பக்கெட் தூக்கிய கைக்கு அதில் பங்கு வேண்டும்.

இந்த ஊரில் உபசரிப்புக்கு வேறொரு முகமும் உண்டு. 1896ல் பதினாறு வயதில் இங்கே வந்த ரமணர் பிச்சை எடுத்தும் உண்டார். 1916ல் தாய் அழகம்மாள் வந்து சேர்ந்த பிறகுதான் மலைமேல் கந்தாசிரமத்தில் அடுப்பு மூண்டது. பின்னாளில் ஆசிரமம் வளர்ந்தபோது அவரே விடியுமுன் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். இன்றும் ரமணாசிரமத்தில் தங்குவதற்குக் கட்டணம் கேட்பதில்லை. கோயிலில் அன்னதானம் நடக்கிறது. இவற்றின் நடுவே காசுக்கு அறை கொடுக்கும் எங்களைச் சிலர் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பதுண்டு. நானும் அப்படியே நினைத்துக் குன்றிப்போன காலம் உண்டு.

என்னை நிமிர வைத்தது மும்பை. 2008 நவம்பர் 26 இரவு, 1903ல் திறந்த தாஜ் ஓட்டலுக்குள் பயங்கரவாதிகள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். பின்வழிகளெல்லாம் தெரிந்த ஊழியர்கள் ஓடிப் பிழைத்திருக்கலாம். பலர் ஓடவில்லை. விருந்தினர்களை வழிகாட்டி வெளியே அனுப்பினார்கள், சிலர் குண்டுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்று உயிரை விட்டார்கள். எந்தச் சம்பளச் சீட்டில் அது எழுதியிருந்தது? ஹார்வர்டு பேராசிரியர் ரோஹித் தேஷ்பாண்டே இதை ஆராய்ந்தபோது, அந்தக் கம்பெனி பெருநகரங்களைவிடச் சிறு ஊர்ப் பிள்ளைகளைத் தேடி எடுப்பதைக் குறிப்பிட்டார். செங்கத்துப் பையனை அறிந்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கூலி எங்கள் நேரத்தை வாங்குகிறது. அதற்கு மேலே வழிவது நாங்கள் கொடுப்பது.

2020ல் ஊரடங்கு வந்து கிரிவலமும் நின்றது. பாதிப் பேரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. என்னையும் இன்னும் மூன்று பேரையும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். ஆளில்லாத குழாய்களில் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும் என்பதால், காலையில் ஒவ்வொரு அறையாகத் திறந்து குழாயை ஓடவிட வேண்டும். நாற்பத்தெட்டு அறைகள். ஜன்னலுக்கு வெளியே மனிதரில்லாத பாதையும் மலையும். குழாய் ஓடும் நேரத்தில் என் கை தானாகப் போய்ப் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடும். யாரும் படுக்கப்போவதில்லை, எந்த மேலாளரும் பார்க்கப்போவதில்லை. அந்த நீவலுக்கு யாரும் எனக்குக் கூலி தரவில்லை. என் கேள்விக்குப் பாதி விடை அந்த அறைகளில்தான் கிடைத்தது.

மீதி விடை எங்கள் கையில் இல்லை. கம்பெனிகள் பிரேக் ஷிப்டின் நடு நேரத்தையும் கணக்கில் எடுக்கட்டும். பண்டிகைக்குப் பண்டிகை மாற்றி மாற்றியாவது வீட்டுக்கு அனுப்பட்டும். உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். தீபத்துக்கு எங்கள் ஊருக்கு வந்து தங்கினால், மாலை ஆறு மணிக்கு ரிசப்ஷனுக்குப் போன் செய்யாதீர்கள். காப்பி, துண்டு, சோப்பு எதுவாக இருந்தாலும் ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். மாடிக்குப் போகும்போது பின்பக்கப் படியின் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே யாராவது நின்றிருந்தால் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.