எடுத்ததை எங்கே வைப்பது?

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் வாளிச்சக்கர இயந்திரத்தின் மேல்தான் விழும். அது வழித்தெடுப்பதெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி பிறகுதான் வரும். திறந்தவெளிச் சுரங்கத் திட்டமிடலில் பாதி வேலை அந்தக் கேள்விதான்.

ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலாக மண்ணை அகற்ற வேண்டும். வெட்டிய மண் உப்பும். பூமிக்குள் இருந்ததைவிட அதிக இடம் கேட்கும். கரி எடுத்து முடிந்த பள்ளத்திலேயே அதைக் கொட்டி நிரப்பலாம். ஆனால் அப்படியொரு பள்ளம் உருவாகும்வரை வெளியேதான் கொட்டியாக வேண்டும். சுரங்கத்தை ஒட்டி எழுந்த மண்மேடுகள் அப்படி வந்தவை.

கரியோ நேர்மாறு. ஆசைப்பட்டு எடுத்த பொருளை ஆசைதீரச் சேர்த்துவைக்க முடியாது. எடையில் பாதியளவு ஈரம்தான். வெளியே கிடந்தால் உலர்ந்து விரிசல் விடும், பொடியாகும். குவியலுக்குள் காற்று புகுந்தால் உள்ளே சூடேறிப் புகையும். யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் அனல்மின் நிலையங்களைச் சுரங்கத்தின் பக்கத்திலேயே கட்டி, கன்வேயர் பெல்ட்டில் கரியை அனுப்புகிறார்கள். கையிருப்பு குறைந்தால் கொதிகலன் பட்டினி, கூடினால் நெருப்பு. எத்தனை நாளுக்குத் தாங்கும், எத்தனை நாளில் கெடும் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் கிடங்கின் அளவு நிற்கிறது. இடக்கணக்கு என்று நாம் நினைப்பது உண்மையில் நாள்கணக்கு.

தண்ணீருக்கும் அதே கதை. கரிப்படுகைக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேரும். இந்த நீரெல்லாம் வெளியேற வழி வேண்டும்.

அந்த வழிக்காகத்தான் 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவி கிராமத்தில் நெல் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை. நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியிருந்தார்கள். சுரங்கம் வராததால் உழவர்கள் பயிர்செய்து வந்தார்கள். இது குறித்த வழக்கில், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

கரி எப்போது பற்றும் என்று தெரிந்த, மழை எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்ட திட்டத்துக்கு, நெல் எப்போது அறுவடைக்கு வரும் என்பது எட்டாத கணக்கா? கடலூர் மாவட்டத்து உழவர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். சுரங்கம் திட்டமிடுகிறவர்களே, அடுத்த கால்வாய்க்கு நாள் குறிக்கும்முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.