அழுகை பொறுமைக்குப் பகையா?

வீடுவாசல் இழந்து அகதியாய் வந்தவர் தம் கதையைச் சொல்லி அழும்போது, "ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் எழுந்துவிடுகிறோம். அழுதால் ஈமான் குறைந்துவிடுமா? அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

அன்னையவர்கள் கணவர் அபூ ஸலமா (ரலி) அவர்களுடன் அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று திரும்பியவர்கள். பின்னர் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, சொந்தக் குலத்தாரே வழிமறித்து அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டனர். கணவரின் குலத்தாரோ குழந்தை ஸலமா தங்களுக்குரியவன் என்றனர். இரு தரப்பாரும் இழுத்த இழுப்பில் குழந்தையின் கை மூட்டு விலகிற்று. கணவர் மதீனாவில், மகன் ஓரிடத்தில், தாய் ஓரிடத்தில் எனக் குடும்பம் மூன்றாகச் சிதறியது. ஏறத்தாழ ஓராண்டு, அன்னையவர்கள் தினமும் காலையில் அப்தஹ் வெளிக்குச் சென்று மாலைவரை அழுதார்கள்.

இது பொறுமையின்மையா? இல்லை. மகனைப் பிரிந்து அழுது கண்ணொளி இழந்த யஃகூப் நபி (அலை) அவர்களையல்லவா அழகிய பொறுமைக்கு உதாரணமாகத் திருக்குர்ஆன் காட்டுகிறது! அவர்கள் துயரை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அவன் அருளில் நம்பிக்கை இழக்கவில்லை. அன்னையவர்களும் அவ்வாறே. உறவினர் ஒருவர் இரங்கிப் பேசியதால் விடுதலை கிடைத்து, மகனும் திரும்பக் கிடைத்தபோது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தன்னந்தனியே ஒட்டகத்தில் கிளம்பிவிட்டார்கள்.

தன்ஈமில் உஸ்மான் பின் தல்ஹா எதிர்ப்பட்டார். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. அல்லாஹ்வையும் இக்குழந்தையையும் தவிரத் துணை யாருமில்லை என்று அன்னையவர்கள் சொல்லக் கேட்டவர், உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நடந்தார். தங்குமிடந்தோறும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்துவிட்டு விலகி நின்றார். 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி அது. குபாவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மக்கா திரும்பினார். அவரைவிடக் கண்ணியமானவரைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினர். வெறுங்கையோடு புத்தளம் வந்து சேர்ந்தோர் பலர். 2017-இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் பர்மாவிலிருந்து பங்களாதேஷுக்கு ஓடிவந்தனர்.

அன்பர்களே! இத்தகையோரின் கண்ணீரைக் கொண்டு அவர்களுடைய ஈமானை அளக்காதீர்கள். பொறுமையாயிருக்கும்படி அவர்களுக்குச் சொல்லுமுன், அவர்களுடைய ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துச் சிறிது தூரமாவது நாம் நடந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.