அன்னை அமர்ந்த பாறை

மனிதன் ஏன் ஊர்விட்டு ஊர் செல்கிறான்? பிழைப்பு, உறவு, வாணிபம் என்று காரணங்கள் பல உண்டு. எந்தக் காரணமும் இல்லாமலேயே, 'எங்கேயாவது போய்வந்தால் தேவலை' என்று மனம் ஏங்கும் நேரமும் எல்லோர் வாழ்விலும் வருகிறது. அந்த ஏக்கத்தை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. அமைதிக்கு இடம் தேடும் ஜீவனின் குரல் அது. குரல் உண்மையானது, அதற்கு நாம் தரும் பதிலில்தான் பிழை நேர்கிறது.

பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில், குளிர்ந்த காற்றும் நிழல் தரும் மரங்களுமாக இருந்த ஊர் அது. ஒரு காலத்தில் உடல் நலிந்தவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் இளைப்பாறுவதற்காகவே அங்கு சென்றனர். இன்று அதே ஊரில் வெள்ளிக்கிழமை இரவு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தைப் பார்த்தால், ஊரே ஓய்வைத் தேடி வெளியே ஓடுவதுபோல் தோன்றும். நந்திமலை, மைசூர், மடிக்கேரி, தர்மஸ்தலம், திருப்பதி என்று புறப்படுகிறார்கள். இரண்டு நாட்களில் ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள், சில புகைப்படங்கள். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் அமரும்போது, புறப்பட்ட நாளில் இருந்த களைப்பைவிட அதிகக் களைப்பு. 'போய்வந்ததுதான் மிச்சம்' என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

இதில் என்ன குறை? அவர்கள் சென்றார்கள், ஆனால் எங்கும் அமரவில்லை.

நம் முன்னோர் யாத்திரையையும் ஓய்வையும் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழகத்தின் பழைய பாதைகளில் இன்றும் ஆங்காங்கே சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தோளுயரத்திற்கு இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கர் எவர் துணையும் இன்றிச் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். களைப்பாறியபின் தாமே எடுத்துக்கொண்டு நடக்கலாம். வழி நடப்பவனுக்குச் சுமை இறக்க இடம் அமைத்துத் தருவதை அவர்கள் தர்மமாகக் கருதினர். ஆலயம் சென்றால் தரிசனம் முடிந்ததும் உடனே வெளியேறாமல், பிராகாரத்தில் சற்று அமர்ந்துவிட்டு வரவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஓரிடத்தில் தங்காமல் சஞ்சரிக்க வேண்டும் என்ற நியதியுடைய துறவிக்கும் மழைக்காலத்தில் சாதுர்மாஸ்யம் விதிக்கப்பட்டுள்ளது. அந்நாட்களில் அவர் ஓரிடத்திலேயே தங்கி, ஜபத்திலும் தியானத்திலும் சாஸ்திர விசாரத்திலும் ஈடுபடுகிறார். நடந்தவன் அமர வேண்டும். அமர்ந்து தன்னைக் காண வேண்டும். அப்போதுதான் நடை யாத்திரையாகிறது.

இந்த உண்மையை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் பெங்களூரில் தம் வாழ்க்கையாலேயே காட்டியருளினார்.

1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அன்னை தென்னாட்டுக்கு எழுந்தருளினார். அந்த யாத்திரைக்கு ஏற்பாடு செய்தவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். சென்னை மயிலாப்பூரில் சுமார் ஒரு மாதம் தங்கிய அன்னை, மதுரையில் மீனாட்சியம்மையைத் தரிசித்து, ராமேஸ்வரம் சென்றார். அங்கே 108 பொன் வில்வ இலைகளால் ராமநாதரை அர்ச்சித்தார். ராமநாதபுரம் அரசர் தமது பொக்கிஷ அறையைத் திறந்து காட்டவும், அன்னை விரும்பும் எப்பொருளையும் அளிக்கவும் ஆணையிட்டிருந்தார். அன்னைக்கு எதன்மீதும் நாட்டம் எழவில்லை. உடன் வந்த சிறுமி ராது எதையேனும் கேட்டுவிடுவாளோ என்பதுதான் அவரது கவலை. ராதுவோ, தன் பென்சில் தொலைந்துவிட்டதால் ஒரு பென்சில் மட்டும் போதும் என்றாள்! பயணம் போகுமிடமெல்லாம் பை நிறையப் பொருள் சேர்க்கும் நாம் சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி இது. ரத்தினங்களின் நடுவிலிருந்து அன்னை சுமை ஏதுமின்றித் திரும்பினார்.

அதன்பின் மார்ச் மாத இறுதியில் அன்னை பெங்களூர் வந்தார். அங்குள்ள ஆசிரமம் அப்போது புதியது. 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமி பிரம்மானந்தர் அதைத் திறந்து வைத்திருந்தார். ராமேஸ்வரம் போன்ற புகழ்பெற்ற க்ஷேத்திரமாக அவ்விடம் இல்லை. நீண்ட பயணத்தின் இடையே அமைந்த சில நாள் தங்கல் அது. ஒருநாள் மாலை அன்னை, ஆசிரமத்தின் பின்புறமுள்ள பாறைமேட்டில் ஏறி, உடன் வந்த பெண்களுடன் அமர்ந்து, கதிரவன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி அறிந்த ராமகிருஷ்ணானந்தர், மலைமகளே மலைமேல் வந்து அமர்ந்துவிட்டாள் என்று பரவசமடைந்தார். பருத்த உடலைச் சுமந்து, மூச்சு வாங்க மேலே ஏறி, தேவியின் துதிகளைச் சொல்லி அன்னையின் திருவடிகளில் விழுந்து வணங்கினார். அன்னையின் ஆசியைப் பெற்றுப் பேருவகையுடன் இறங்கினார். அந்தப் பாறை இன்றும் ஆசிரம வளாகத்தில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது.

இன்னொரு நாள் அன்னை கவிபுரத்தின் குகைக் கோயிலான கவி கங்காதரேஸ்வரர் ஆலயத்திற்குச் சென்று திரும்பினார். ஆசிரம வளாகம் முழுவதும் மக்கள் காத்திருந்தனர். அன்னையைக் கண்டதும் அனைவரும் தரையில் வீழ்ந்து வணங்கினர். அன்னை வண்டியிலிருந்து இறங்கி, வலக்கரத்தை உயர்த்தி அபயம் காட்டியவாறு சில நிமிடங்கள் அசையாமல் நின்றார். பின்னர் உள்ளே சென்று அமர்ந்தார். அன்பர்களும் சூழ்ந்து அமர்ந்தனர். எவரும் பேசவில்லை. இவர்களின் மொழி தமக்குத் தெரியவில்லையே, இரண்டொரு வார்த்தை சொல்ல முடிந்தால் இவர்கள் சாந்தி பெறுவார்களே என்று அன்னை அங்கலாய்த்தார். அதைக் கேட்டறிந்த அன்பர்கள், வார்த்தைகள் தேவையில்லை, இந்த மௌனத்திலேயே எங்கள் உள்ளம் நிறைந்துவிட்டது என்றனர்.

இங்கே ஆழ்ந்து நோக்குவோம். அன்னை அம்மக்களுக்கு எதை அளித்தார்? உபதேச மொழி எதையும் அளிக்கவில்லை. தமக்குள் நிலைத்திருந்த சாந்தியை அளித்தார். உள்ளே ஓய்வு கொண்டவர் அருகில் அமர்ந்தாலே நமக்கும் ஓய்வு கிடைக்கிறது. உள்ளே ஓய்வு இல்லாதவன் இமயமலைக்கே சென்றாலும் தன் இரைச்சலையும் அங்கே கொண்டுசெல்கிறான்.

சுவாமி விவேகானந்தரும் 1892-ஆம் ஆண்டு பரிவ்ராஜகராகப் பெங்களூர் வந்தவரே. திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினராகச் சிலகாலம் இருந்துவிட்டு, மைசூர், கேரளம் வழியாகக் குமரிமுனை சேர்ந்தார். பாரதம் முழுவதும் நடந்த அவர், அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் கடல் நடுவே ஒரு பாறைமேல் மூன்று நாட்கள் அமர்ந்தார். வழியெங்கும் கண்ட ஏழைகளின் முகங்கள் அங்கே அவருள் தியானப் பொருளாயின. பாரதத்தின் துயர் தீர்க்கும் பணி அங்கே உருப்பெற்றது. நடந்த காலத்தில் விதைத்தது, அமர்ந்த நாட்களில் முளைவிட்டது.

'குடும்பப் பொறுப்பிலிருந்து ஒருநாள்கூட விலக முடியாத நான் எங்கே யாத்திரை செல்வது?' என்று சிலர் கேட்கலாம். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பராமரிக்கும் மருமகள், நடக்க இயலாத பிள்ளையை வளர்க்கும் தாய், கடையை மூடினால் அன்றைய உணவுக்கு வழியில்லாத வியாபாரி, இவர்களுக்கெல்லாம் அமைதி கிடையாதா? பாறைமேல் அன்னையை வணங்கிய அந்த ராமகிருஷ்ணானந்தரின் வாழ்க்கையே இதற்கு விடை. குருதேவரின் மகாசமாதிக்குப் பின் சகோதரத் துறவிகள் ஒவ்வொருவராகத் தீர்த்த யாத்திரை புறப்பட்டனர். சசி மகராஜ் மட்டும் மடத்தை விட்டு நகரவில்லை. 1897-இல் சுவாமிஜி அவரைச் சென்னைக்கு அனுப்பும் வரை, குருதேவரின் பூஜையே அவருக்குக் காசியும் பிருந்தாவனமும் ஆயிற்று. அவர் அன்னையைத் தேடிக் குன்றேறிய அந்த மாலைக்குச் சில மாதங்களுக்குப் பின், 1911 ஆகஸ்ட் 21 அன்று, நோயால் மெலிந்த அவரது உடல் கல்கத்தாவில் இறைவன் திருவடியில் ஓய்வு கொண்டது. யாத்திரை போகாதவரிடம் யாத்திரையின் பலனே நடந்து வந்தது! கடமையை வழிபாடாக ஏற்றுச் செய்பவரின் வீடும் க்ஷேத்திரம்தான். அவர் கண்மூடி அமரும் கால்மணி நேரமும் யாத்திரைதான்.

அன்பர்களே, அமர்வது எளிது என்று எண்ண வேண்டாம். அமர்ந்தவுடன் அமைதி வருவதில்லை. ஓடும்போது அடங்கிக் கிடந்தவையெல்லாம் அமர்ந்தவுடன் மேலெழுகின்றன. பாகப்பிரிவினையில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனின் முகம் வருகிறது. வீட்டு வேலை செய்பவரிடம் கடுஞ்சொல் கூறிய காலை நினைவுக்கு வருகிறது. தந்தையின் இறுதி நாட்களில் அவர் அருகே இருக்கத் தவறியது நெஞ்சை அறுக்கிறது. இவற்றைச் சந்திக்க அஞ்சியே நாம் அடுத்த இடத்திற்கு ஓடுகிறோம். கைபேசியைக் கையில் எடுக்கிறோம். ஓய்வைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே ஓய்விடமிருந்து ஓடுகிறோம்.

ஓட வேண்டாம். அவை எழும்போதுதான் பயணம் பலன் தரத் தொடங்குகிறது. மன அமைதி நாடுவோர் பிறர் குற்றத்தை விடுத்துத் தம் குற்றத்தைக் காண வேண்டும் என்பது, 1920-இல் அன்னை தம் இறுதி நாட்களில் அருளிய உபதேசத்தின் சாரம். எழுந்துவரும் ஒவ்வொரு நினைவிடமும், 'இதில் என் பங்கு என்ன?' என்று கேட்போம். பதிலை இறைவன் திருமுன் வைப்போம். ஊர் திரும்பியதும் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அங்கேயே உறுதி செய்வோம். அது அண்ணனுக்கு ஒரு கடிதமாக இருக்கலாம். வேலை செய்பவரிடம் சொல்லும் ஓர் இனிய சொல்லாக இருக்கலாம். முதியோர் ஒருவரின் படுக்கை அருகே செலவிடும் ஒரு மணி நேரமாக இருக்கலாம். அதுவே யாத்திரையிலிருந்து நாம் வீட்டிற்குக் கொண்டுவரும் பிரசாதம்.

அடுத்த முறை புறப்படும்போது ஐந்து இடங்களை இரண்டாகக் குறைப்போம். ஓர் அந்திப்பொழுதை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவைப்போம். ஒரு குன்றோ, குளக்கரையோ, கோயில் பிராகாரமோ போதும். அங்கே இஷ்ட நாமத்தைச் சொல்லியவாறு இருள் சூழும் வரை அமர்ந்திருப்போம்.

நடுக்கடலில் செல்லும் கப்பலின் பாய்மரத்தில் இருந்த பறவை கரை தேடித் திசைதோறும் பறந்து, எங்கும் நிலம் காணாமல் திரும்பிவந்து, அந்த மரத்திலேயே கவலையின்றி அமர்ந்த கதையைக் குருதேவர் கூறுவார். நம் குலசேகராழ்வாரும் பெருமாள் திருமொழியில் இதே உவமையால் இறைவனைச் சரணடைகிறார். பறவை பறந்தது வீணாகவில்லை. பறந்து பார்த்ததால்தான் தன் இருப்பிடத்தின் அருமை அதற்குத் தெரிந்தது.

பெங்களூரின் லால்பாக் பூங்காவில் உள்ள பாறைக்குன்றின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்று நிலவியலாளர்கள் கணித்துள்ளனர். அத்தகைய தொல்பாறையின் மீதுதான் அந்த நகரமே அமைந்துள்ளது. மேலே எத்தனை ஓட்டம்! கீழே எத்தனை அசையாமை! நம் நிலையும் அதுவே. மனம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் அடியில் ஆன்மா அசையாமல் இருக்கிறது. அதன்மேல் சற்றே அமரக் கற்றுக்கொண்டால், எந்த ஊரில் இருந்தாலும் அன்னை அமர்ந்த பாறையில் நாமும் அமர்ந்தவர்கள் ஆவோம்.

அதற்கு அன்னையின் அருள் நமக்குத் துணை நிற்பதாக!