பதில் சொல்லும் கடன்

2024 மே மாதத்தில், முன்னாள் நீதியரசர்களான மதன் லோகூர், ஏ. பி. ஷா ஆகியோரும் பத்திரிகையாளர் என். ராமும், இந்தியப் பிரதமர் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தனர். ராகுல் இசைந்தார், விவாதமோ நடைபெறவில்லை. பிரதமர் மேடைக்கு வரவில்லை.

ஆள்வோரின் செயலே பதில் என்பர் சிலர். ஆனால், எதிர்த்து நிற்பவரிடம் இருப்பது வாக்குறுதி. ஆள்பவரிடம் இருப்பதோ கணக்கு. கணக்கைக் குறுக்குக் கேள்வியின்றி ஏற்பது எங்ஙனம்?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நாம் இதனை அயல்நாட்டுச் செய்தியென்று தள்ளலாகாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவன் கேள்விக்கு எவரும் பதிலிறுக்கவில்லை. இன்று வாக்கு நம்மிடம் உண்டு. லயத்து வாசலுக்கு வருவோரிடம், பதவியிலிருப்பவரிடமே முதலில், பதில் கேட்போம், மாலை பிறகு.